வெள்ளத்தில் உடைந்த ரஸ்தாக்களும் பாலங்களும்: மராமத்துப் பணம் வரும் வழி

செங்கற்பட்டு ஜில்லாவில், சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய ரஸ்தாவின்மீது அமைந்துள்ளது நாவலூர். ஊருக்கு மேற்கே ஏரிகள்; கிழக்கே பக்கிங்காம் கால்வாய்; அதற்கப்பால் கடற்கரை மணல்மேடும் கிழக்குக் கடற்கரைச் சாலையும். மேற்கிலுள்ள தாழம்பூர், சிறுசேரி முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்நீர் கிழக்கு நோக்கி இறங்கி, ரஸ்தாவின் அடியிலுள்ள பாலக்கண்களின் வழியே நுழைந்து, கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலோடு கலக்கவேண்டும். நீரின் போக்கு மேற்கு கிழக்காகவும் ரஸ்தாவின் போக்கு வடக்கு தெற்காகவும் இருப்பதால், பெருமழைக்காலத்தில் ரஸ்தாவே ஒரு கரையாக நின்று நீரைத் தடுக்கிறது. கண்கள் போதுமானவையாயின் நீர் வடிந்துவிடும். போதாவிடில் வயல் மூழ்கும், அல்லது ரஸ்தா உடையும். பல இடங்களில் முதலில் ஒன்றும் பின்னர் மற்றொன்றுமாக இரண்டுமே நிகழ்கின்றன.

வடகிழக்குப் பருவமழை உக்கிரமாகப் பெய்யும் கார்த்திகை மாதத்தில் இந்த ஜில்லாவில் சம்பாப் பயிர் வயலில் நிற்கும். நவரைக்கு நாற்றுவிடும் வேலையும் நெருங்கும். அவ்வேளையில் கிராமத்துக்குள் வரும் ரஸ்தாவில் ஒரு தரைப்பாலம் போய்விட்டால், மேலுரத்திற்கு மூட்டை வந்து சேராது. தை மாதத்தில் அறுவடை இயந்திரம் வயலண்டை வரமாட்டாது. கொள்முதல் நிலையத்திற்கு நெல் ஏற்றிச் செல்லும் லாரி சுற்றுவழியில் போக, மூட்டைக்கு மூட்டை வண்டிக்கூலி ஏறும். வயலில் நேர்ந்த நஷ்டத்திற்கு விவசாயி மறுநாளே மனு எழுதுகிறார். ரஸ்தாவில் நேர்ந்த நஷ்டமோ, சர்க்கார் சொத்து, சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று விடப்படுகிறது. சர்க்காரிடம் அதற்கென்று நிதி இருப்பது மெய்யே. ஆயினும் அந்நிதி தானாக வந்து ரஸ்தாவைத் தேடுவதில்லை. அது எந்த விதிப்படி, எவ்வளவு, எப்போது வருகிறது என்பதை நில உரிமையாளர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

ரஸ்தா யாருடையது

முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி இதுவே. நாவலூரைச் சுற்றியுள்ள ரஸ்தாக்களையே எடுத்துக்கொள்ளலாம். ஊரின் வழியே செல்லும் ராஜீவ் காந்தி சாலை மாநில நெடுஞ்சாலையாகும். மத்திய கைலாஸம் முதல் சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ. தூரம் ஆறு வழிகளாக அகலப்படுத்தப்பட்ட இப்பகுதி, மாநில சர்க்காரின் சாலை மேம்பாட்டுக் கம்பெனியைச் சார்ந்த துணைக் கம்பெனி ஒன்றால் அமைக்கப்பட்டு, அதற்குச் சுங்கமும் வசூலிக்கப்பட்டது. நாவலூர்ச் சுங்கச்சாவடியில் வசூல் 2023 அக்டோபர் 19 முதல் நிறுத்தப்பட்டது. கடலோரமாக மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையோ தேசிய நெடுஞ்சாலையாகிவிட்டது. கிராமங்களை இணைக்கும் சாலைகளிற் சில நெடுஞ்சாலைத்துறையின் மாவட்ட இதரச் சாலைகள். சில ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. எஞ்சியவை கிராம ஊராட்சிக்கு உரியவை. ஏரிக்கரைமேல் செல்லும் பாதையைப்பற்றி முறையிட வேண்டுமாயின், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டுள்ள ஏரிக்கு நீர்வளத்துறையையும், அதற்குக் குறைந்த ஏரிக்கு ஊராட்சி ஒன்றியத்தையும் நாடவேண்டும்.

இவை யாவும் ஒரே இரவில் ஒரே வெள்ளத்தால் உடைந்தாலும், பணம் ஒரே பெட்டியிலிருந்து வருவதில்லை. தேசிய நெடுஞ்சாலையின் வெள்ளச்சேதத்தை மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா தன் சொந்த ஒதுக்கீட்டிலிருந்து கவனிக்கிறது. மாநிலச் சாலைகளும் கிராமச் சாலைகளுமே பேரிடர் நிதியின் எல்லைக்குள் வருகின்றன. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலையாயின், வேலை முடிந்தபின் 5 வருஷங்கள்வரை பராமரிக்கும் பொறுப்பு காண்டிராக்டரைச் சேர்ந்தது. ஆதலால் சாலையோரத்துப் பலகையில் வேலை முடிந்த தேதியைப் பார்த்துக்கொண்டு மனு எழுதுதல் நலம். தவறான ஆபீஸுக்குச் சென்ற மனு சுற்றித் திரும்பி வருவதற்குள் ஒரு மாதம் கழிந்துவிடும். அந்த ஒரு மாதத்தின் மதிப்பு என்ன என்பது பின்னர் விளங்கும்.

எவருடைய கணக்கிலும் சேராத பாதைகளும் உண்டு. பட்டா நிலத்தின் ஊடே வெகுகாலமாக வண்டி ஓடும் வழி, கிராமக் கணக்கில் வண்டிப்பாதைப் புறம்போக்கென்று பதிவாகாதிருந்தால், அதைச் சீர்செய்ய எந்த இலாகாவும் எளிதில் முன்வாராது. கர்ணம், மணியம் முதலிய பரம்பரைப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபின் இக்கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்துவருகின்றன. 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கோடைக்காலத்திலேயே பார்த்து ஐயம் நீங்கிக்கொள்வது, வெள்ளத்திற்குப்பின் இடுப்பளவு நீரில் நின்று வாதாடுவதினும் மேலானது.

நிதி ஏற்பட்ட விதம்

பேரிடர்க்காலத்தில் சர்க்கார் பணம் பொதுவேலைகளில் இறங்குவது புதிதன்று. நாவலூருக்குக் கிழக்கே ஓடும் கால்வாயே அதற்குச் சாட்சி. சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி, 1877-78 பெரும்பஞ்சத்தில் பட்டினி கிடந்தோருக்குக் கூலிவேலை அளிப்பதற்காக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு வைக்கப்பட்டது. எனினும் அவ்வேலைகளின் முதல் நோக்கம் ஜனங்களுக்குக் கூலி கொடுப்பது. உடைந்ததைச் சீர்செய்வது அன்று.

சுதந்திரத்திற்குப்பின் இரண்டாவது நிதிக்குழு, மாநிலங்கள் பேரிடர்ச் செலவுக்காக ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும் 'மார்ஜின் பணம்' என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. செலவு அதை மீறினால் டெல்லிக்குச் சென்று கேட்கவேண்டும். ஒன்பதாவது நிதிக்குழுவின் சிபாரிசின்படி 1990 முதல் மாநிலந்தோறும் தனி நிதி ஏற்பட்டது. அதில் நூற்றுக்கு 75 பங்கு மத்திய சர்க்காரும் 25 பங்கு மாநில சர்க்காரும் இட்டன. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி இக்கரையோரத்தைத் தாக்கியபின், 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் 48-வது பிரிவின்படி மாநிலப் பேரிடர் நிவாரண நிதியும், 46-வது பிரிவின்படி தேசியப் பேரிடர் நிவாரண நிதியும் 2010 முதல் பழைய நிதிகளின் இடத்தில் அமைந்தன.

பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையுள்ள ஐந்து வருஷங்களுக்கு எல்லா மாநிலங்களுக்குமாக 1,60,153 கோடி ரூபாய் வகுத்தது. அதில் நூற்றுக்கு 80 நிவாரணத்திற்கும், 20 சேதத்தை முன்கூட்டித் தடுக்கும் வேலைகளுக்கும் ஆகும். நிவாரணத்திற்குரிய 80-ஐ மறுபடி பிரித்து, 40 உடனடி உதவிக்கும், 30 மீட்பு வேலைக்கும் புனர்நிர்மாணத்திற்கும், 10 ஆயத்த வேலைகளுக்கும் என்று வைத்தது. 2023-24-இல் தமிழ்நாட்டின் நிவாரண நிதி 1,200 கோடி ரூபாய். அதில் 900 கோடி மத்திய சர்க்காரின் பங்கு. புயல், வெள்ளம், வறட்சி, பூகம்பம், தீ, சுனாமி, நிலச்சரிவு, பூச்சித் தாக்குதல் முதலிய பன்னிரண்டு வகை விபத்துக்களுக்கு இப்பணத்தை எடுக்கலாம். அன்னதானம், மீட்புப் படகு, இறந்தோர் குடும்பத்திற்கு உதவி, பயிர்நஷ்டம், கால்நடை நஷ்டம், வீடு இடிந்தோர்க்கு உதவி ஆகிய இத்தனையும் போக எஞ்சியதிலேதான் ரஸ்தாவும் பாலமும் பங்கு கேட்கின்றன என்பதை மறக்கலாகாது.

திறப்பது வேறு, கட்டுவது வேறு

இந்நிதியைப்பற்றிய மனத்தாங்கல்கள் பெரும்பாலும் ஒரு வேற்றுமையை அறியாமையால் எழுகின்றன. போக்குவரத்தை மீண்டும் திறப்பது ஒன்று. உடைந்ததை நிலையாகக் கட்டுவது மற்றொன்று. நிவாரண நிதி முதலாவதற்கே ஏற்பட்டது. விதிகள் அனுமதிக்கும் வேலைகள் இவையே: உடைப்பையும் பள்ளத்தையும் அடைத்தல், குழாய் பதித்து நீருக்கு வழிவிடுதல், கரைச்சரிவுக்குக் கல் பதித்தல், உடைந்த சிறுபாலத்தைப் பழுதுபார்த்தல், பாலம் போன இடத்தில் மாற்றுவழி அமைத்தல், பாலத்தின் இருமருங்கிலுமுள்ள அணுகுசாலையைத் தற்காலிகமாகச் சீர்செய்தல், தரைப்பாலத்தைச் செப்பனிடுதல், அரித்துப்போன நீளத்தில் சரளையும் ஜல்லியும் பரப்புதல். தார் போடுவதும், தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக்குவதும் இதில் சேரமாட்டா. வேலையும் சமநிலப் பகுதிகளில் ஏறக்குறைய ஒரு மாதத்திற்குள் எடுத்துக்கொள்ளப்படவேண்டும். மலைப்பிரதேசங்களுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசம் உண்டு.

தொகையும் அதற்கேற்றவாறே சிறியது. 2015 ஏப்ரலில் மத்திய சர்க்கார் வெளியிட்ட வீதப்பட்டியலில், மாநில நெடுஞ்சாலைக்கும் பெரிய மாவட்டச் சாலைக்கும் கிலோமீட்டருக்கு 1 லட்ச ரூபாயும், கிராமச் சாலைக்கு 60,000 ரூபாயும் என்று வரம்பிடப்பட்டது. சேதமுற்ற சிறுபாசன அமைப்பு ஒன்றுக்கு 1½ லட்சம். ஊராட்சிக்குச் சொந்தமான பொதுக்கட்டிடம் ஒன்றுக்கு 2 லட்சம். இவ்வீதங்கள் 2022-இல் மறுபடி திருத்தப்பட்டன. எப்படியாயினும் கிலோமீட்டருக்கு 60,000 ரூபாயில் ஒருவரும் சாலை போட இயலாது. பள்ளத்தை மூடி வண்டி போகச் செய்யலாம், அவ்வளவே. இதை அறியாத ஊரார் சரளை கொட்டியதோடு வேலை முடிந்ததைக் கண்டு மோசம்போனதாக எண்ணுகின்றனர். அதனினும் தீங்கான எண்ணம், சரளை கொட்டியாகிவிட்டதால் ரஸ்தா சீராயிற்று என்று ஆபீஸில் கோப்பை மூடிவிடுவது. நிலையான வேலைக்கு நெடுஞ்சாலைத்துறையின் வருஷ ஒதுக்கீடு, 1995-96-இல் தொடங்கிய நபார்டு வங்கியின் ஊரக உட்கட்டமைப்பு நிதி, மாநிலத்தின் கிராமச் சாலைத் திட்டங்கள் ஆகியவற்றை நாடவேண்டும். அவற்றிற்குத் தனி மனு, தனி மதிப்பீடு, தனி வரிசை உண்டு.

அவசர வேலை என்பதால் அது அற்பமானதென்று கருதலாகாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில்பாலத்தின் தூலங்களைக் கடலில் வீழ்த்தியது. கடலில் கிடந்த தூலங்களைத் தேடி எடுத்து மீண்டும் ஏற்றி, 46 நாட்களில் பாலம் திறக்கப்பட்டது. அவ்வேலையை நடத்தியவர் பின்னாளில் கொங்கண் ரயில்பாதையாலும் டெல்லி மெட்ரோவாலும் புகழ்பெற்ற இ. ஸ்ரீதரன் ஆவார். அப்பாலம் 2022 இறுதிவரை ரயிலைத் தாங்கியது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ரயில்வேக்குப் பணமும் பட்டாளமும் தனி. கிராமத்துத் தரைப்பாலத்திற்கு அவ்வித நிர்வாகம் வாய்ப்பதில்லை.

பணம் வந்த நாட்கள்

மாநில நிதியில் உள்ள பணம் உடனே எடுக்கத்தக்கது. கலெக்டர்களுக்கும் இலாகாக்களுக்கும் அது பிரித்து அனுப்பப்படுகிறது. சேதம் அதற்கு மிஞ்சியதாயின் மாநில சர்க்கார் ஒரு விண்ணப்பக் குறிப்பைத் தயாரித்து டெல்லிக்கு அனுப்பும். பல இலாகாக்களின் உத்தியோகஸ்தர் அடங்கிய மத்தியக் குழு நேரில் வந்து பார்வையிடும். பின்னர் உபகுழுவும், அதற்குப்பின் உள்துறை மந்திரியின் தலைமையிலுள்ள உயர்மட்டக் குழுவும் ஆராய்ந்து தேசிய நிதியிலிருந்து தொகையை நிர்ணயிக்கும். கேட்கும் தொகை மாநிலம் கண்ட முழு நஷ்டம்; கொடுக்கும் தொகை மேற்கூறிய வீதப்பட்டியலில் அடங்கும் பகுதி மட்டும். இரண்டுக்கும் இடையே வெகுதூரம் இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னை, செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களை மூழ்கடித்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தென்ஜில்லாக்களில் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி வெள்ளத்தில் ஏரல் பாலம் சேதமுற்று இருகரையிலும் போக்குவரத்து நின்றது. இவ்விரண்டிற்குமாக மாநில சர்க்கார் கோரிய தொகை சுமார் 37,900 கோடி ரூபாய். 2024 ஏப்ரல் இறுதியில் தேசிய நிதியிலிருந்து மிக்ஜாம் புயலுக்கு 285.54 கோடியும் தென்ஜில்லா வெள்ளத்திற்கு 397.13 கோடியும் அங்கீகரிக்கப்பட்டு, மாநில நிதியில் இருந்த இருப்பில் பாதியைக் கழிக்கும் விதிப்படி, முறையே 115.49 கோடியும் 160.61 கோடியும் விடுவிக்கப்பட்டன. தொகை நியாயமா என்பதுபற்றி மாநிலத்திற்கும் மத்திக்கும் வழக்காடும் அளவுக்குத் தகராறு வளர்ந்தது. கிராமத்தான் கவனிக்கவேண்டியது தேதியை. வெள்ளம் டிசம்பரில், பணம் ஏப்ரலில். அதற்குள் சம்பா அறுவடை முடிந்து, சொர்ணவாரி உழவு தொடங்கிவிடும்.

அடுத்த வருஷமும் இவ்வாறே. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. விழுப்புரம் ஜில்லாவின் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. திருவண்ணாமலை ஜில்லாவில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையின்மீது கட்டப்பட்டு மூன்றே மாதங்களுக்கு முன் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம், சாத்தனூர் அணையிலிருந்து வந்த பெருவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மாநில நிதிக்குரிய மத்தியப் பங்கின் இரு தவணைகளும் சேர்ந்து 944.80 கோடி ரூபாய் டிசம்பர் 6-ஆம் தேதியே வந்தது. தேசிய நிதியிலிருந்து 522.34 கோடி 2025 ஏப்ரல் 5-இல் அங்கீகரிக்கப்பட்டது. ஆக, ஒரு வாரத்தில் கைக்கு வருவது மாநில நிதி; நாலு மாதங்களுக்குப்பின் வருவது தேசிய நிதி. முதலாவதில் ஒரு ரஸ்தா இடம்பெறவேண்டுமாயின் அதன் சேதம் வெள்ளம் வடிந்த சில நாட்களுக்குள் கணக்கில் ஏறியிருக்கவேண்டும். இரண்டாவதற்கும் அதே கணக்குத்தான் ஆதாரம். ஏப்ரலில் எவரும் மறுபடி வந்து அளப்பதில்லை.

எழுதி வைக்காத சேதம்

வெள்ளம் வடிந்ததும் கிராமத்தில் நடப்பது பெரும்பாலும் இது. ஊரார் சேர்ந்து உடைப்பில் மண்மூட்டைகளையும் செங்கல் துண்டுகளையும் கொட்டி, டிராக்டர் போகுமளவு வழி செய்துவிடுகின்றனர். அது மெச்சத்தக்கதே, பால் வண்டியும் ஆம்புலன்ஸும் காத்திருக்கமாட்டா. பத்து நாட்கள் கழித்து ஓவர்ஸீயர் வந்து பார்க்கையில் மேடுபள்ளமான ஒரு பாதையே அவர் கண்ணுக்குத் தெரிகிறது. இது வெள்ளத்தால் நேர்ந்த உடைப்பா, பல வருஷங்களாகப் பராமரிக்காத பழுதா என்று அவரால் கூற இயலாது. பராமரிப்பில்லாமல் நேர்ந்த பழுதுக்குப் பேரிடர் நிதியை எடுக்க விதியில்லை. ஆகவே அந்த ரஸ்தா பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. ஊராரின் உழைப்பே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுவது பரிதாபம்.

ஆதலால் ஒரு கூடை மண் விழுமுன் அளவு எடுக்கப்படவேண்டும். 'ரஸ்தா வெள்ளத்தில் பலமாகச் சேதமடைந்துள்ளது, ஆவன செய்யக் கோருகிறோம்' என்னும் மனு பயனற்றது. அதை வாசிக்கும் இஞ்சினீயர் அதைக்கொண்டு மதிப்பீடு போட முடியாது. மாறாக, இன்ன ஊராட்சிச் சாலையில், இன்ன ஊரிலிருந்து இத்தனை மீட்டர் தூரத்தில், இன்ன ஏரியின் கலங்கல் நீர் கடக்குமிடத்தில், இன்ன தேதி இரவு, 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1½ மீட்டர் ஆழம் உடைந்தது என்று எழுதினால், 72 கனமீட்டர் நிரப்பு வேண்டும் என்பது உடனே விளங்கும். அது லாரிக்காரர் கணக்கில் ஏறத்தாழ 25 யூனிட் ஆகும். அதனுடன் அங்கிருந்த குழாய் எத்தனை, அதன் விட்டம் என்ன, எத்தனை குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டன, எத்தனை அடைபட்டன, வெள்ளம் சாலைமட்டத்திற்கு மேல் எவ்வளவு உயரம் ஓடியது என்பனவும் சேரவேண்டும். வெள்ளத்தின் உச்சமட்டம் மரத்திலும் மதகுச் சுவரிலும் வண்டல் கோடாக இரண்டொரு நாட்கள் தெரியும்; மறுமழை பெய்தால் மறைந்துவிடும். அக்கோட்டின் அருகே சுண்ணாம்பால் குறியிட்டு, அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்தல் வேண்டும். முன்பு எடுத்த படம் ஒன்றிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பேச்சுக்கே இடமில்லாமற் செய்யும்.

ரஸ்தாவை ஊராரே வெட்டிவிட்ட இடமும் இருக்கும். வயல்களும் வீடுகளும் மூழ்கும்போது நீரை வடியச்செய்ய ரஸ்தாவைக் குறுக்கே வெட்டுவது பழைய வழக்கம். அதை மறைத்து வெள்ளம் உடைத்ததாக எழுதுவதுண்டு; அது கூடாது. எவருடைய உத்தரவின்பேரில், எந்த நேரத்தில் வெட்டப்பட்டது என்பதை உள்ளபடி எழுதவேண்டும். அவ்விடத்தில் ஒரு பாலக்கண் இல்லாமையே குறை என்பதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி வேறில்லை.

உடைப்பின் கீழ்ப்புறத்து வயல்காரர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். ரஸ்தா உடைந்தால் அதன் சரளையும் மணலும் வயலில்தான் படியும். 3 அங்குலத்திற்கு மேல் மணல் படிந்த நிலத்தைச் சுத்தம் செய்யச் சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 12,200 ரூபாய் என 2015 வீதப்பட்டியலில் இருந்தது. அதுவும் பின்னர் உயர்த்தப்பட்டது. இது பயிர்நஷ்ட உதவியோடு சேர்ந்ததன்று, வேறானது. படிவின் கனத்தை உத்தியோகஸ்தர் பார்த்துச் சான்று கூறவேண்டியிருப்பதால், மணலை அள்ளுமுன் அவரை அழைத்துக் காட்டவேண்டும்.

பாலக்கண்ணின் அளவு

உடைந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் உடைவது ஏன் என்று கிராமத்தார் வினவுவதுண்டு. பாலங்களிற் பல, தூண் சாய்ந்து விழுவதில்லை. இருமருங்கிலுமுள்ள மண்சாலை அரிக்கப்பட்டே பயனற்றுப் போகின்றன. கண் வழியே போக இயலாத நீர் மேற்புறத்தில் ஏறி, சாலையின்மேல் வழிந்து, கீழ்ச்சரிவைத் தோண்டுகிறது. சரிவு கரைந்தபின் சாலை நிற்காது. ஆகவே குற்றம் மண்ணில் மட்டுமன்று, கண்ணிலும் உள்ளது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ஹெக்டேர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்து, அவ்வளவும் ஒரு பாலத்தின் வழியே வடியவேண்டும் எனக் கொண்டால், நீரின் அளவு 1 லட்சம் கனமீட்டர். அங்குள்ளது 60 செ.மீ. விட்டமுள்ள ஒரே குழாய்; நீர் அதனுள் விநாடிக்கு 1½ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்நீர் வடிய இரண்டே முக்கால் நாள் செல்லும். அதே இடத்தில் 1½ மீட்டர் அகலமும் 1½ மீட்டர் உயரமும் உள்ள பெட்டிப்பாலம் இருப்பின், அதே வேகத்தில் எட்டு மணிநேரத்திற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் வடிந்துவிடும். ஏனெனில் அதன் வாய் அக்குழாய்கள் எட்டுக்குச் சமம். குழாயில் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டால் இரண்டே முக்கால் நாள் ஐந்தாறு நாளாகும். கதிர் விடும் பயிர் அதுவரை நீரில் மூழ்கியிருந்தால் என்னாகும் என்பதை விவசாயிக்குச் சொல்லவேண்டியதில்லை.

நாவலூர், சிறுசேரிப் பக்கங்களில் இக்குறை இன்னும் பெரிது. முன்பு வயலும் மேய்ச்சலுமாயிருந்து மழைநீரில் ஒரு பகுதியைக் குடித்துவந்த நிலம், கடந்த இருபது முப்பது வருஷங்களில் கம்ப்யூட்டர்க் கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும் சிமெண்டுத் தளங்களுமாய் மாறிற்று. தளத்தில் விழுந்த மழை உறிஞ்சப்படாமல் விரைவில் கலங்கல் கால்வாய்க்கு வந்து சேருகிறது. வயல்களை எண்ணி அமைத்த கண் இந்நீருக்குப் போதாது. அக்கண்ணையே அதே அளவில் மறுபடி கட்டுவது அடுத்த வெள்ளத்திற்குப் பணத்தை அடகு வைப்பதாகும். ஆனால் உடனடி நிவாரண விதியோ, முன்னிருந்த நிலைக்குக் கொணர்வதற்கு மேல் செலவழிக்க இடந்தருவதில்லை. இவ்விதியின் பெருங்குறை இது என்று கூறத் தடையில்லை.

பதினைந்தாவது நிதிக்குழு புனர்நிர்மாணத்திற்கென நூற்றுக்கு 30 பங்கைத் தனியே வைத்தது இக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டே. ஆயினும் அப்பங்கைச் செலவிடுவதற்கான வழிமுறைகளை மத்திய சர்க்கார் 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. இதன்படி, பேரிடருக்குப்பின் தேவைகளை முறையாக மதிப்பிட்டு விண்ணப்பித்தால், முன்னிலும் வலுவாகக் கட்டுவதற்குப் பணம் கேட்கலாம். 2023 பருவமழையில் ரஸ்தாக்களும் பாலங்களும் அழிந்த ஹிமாசலப் பிரதேசத்திற்கு இவ்வழியில் 2025 ஜூனில் 2,006.40 கோடி ரூபாய் அங்கீகரிக்கப்பட்டது. சேதத்திற்கும் பணத்திற்கும் இடையே இரண்டு வருஷங்கள்.

ஜப்பானில் 1951 முதல் இதற்கென ஒரு சட்டம் உண்டு. உள்ளூர் ஆட்சியின் ரஸ்தாவோ பாலமோ ஆற்றங்கரையோ பேரிடரில் உடைந்தால், மறுகட்டுமானச் செலவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கைத் தேசிய சர்க்கார் ஏற்கும். உள்ளூரின் வரிவருமானத்தோடு ஒப்பிட சேதம் பெரிதாயின் பங்கு உயரும். இஞ்சினீயர்ப் பரிசோதகரும் நிதி இலாகாவின் உத்தியோகஸ்தரும் சேர்ந்தே ஸ்தலத்திற்கு வந்து, உள்ளூர் ஆட்சி அளந்து வைத்த கணக்கைச் சரிபார்த்துத் தொகையை நிர்ணயிக்கின்றனர். அமெரிக்காவில் மத்தியப் பங்கு நூற்றுக்கு 75-க்குக் குறைவதில்லை. ஏழை ஊருக்குப் பங்கு கூடும் என்னும் ஜப்பானிய ஏற்பாடு இந்நாட்டில் ஆலோசிக்கத்தக்கது. இங்கு ஊராட்சியின் வருமானம் எவ்வளவு சிறிதாயினும் கிலோமீட்டர் வீதம் ஒன்றே.

பருவமழைக்கு முன்

புரட்டாசிக்குள் செய்துவைக்கத்தக்க வேலை ஒன்றுண்டு. அதற்குச் செலவும் இல்லை. கிராம எல்லையிலுள்ள பாலம், தரைப்பாலம், குழாய்மதகு ஒவ்வொன்றையும் நடந்து பார்த்து, கண்களின் எண்ணிக்கை, வாயின் அளவு, சாலை எந்த ஆபீஸைச் சேர்ந்தது, நீர் எந்த ஏரியிலிருந்து வந்து எங்கே போகிறது, தற்போதைய நிலை என்ன என்பனவற்றை ஒரு நோட்டில் எழுதிப் படமும் எடுத்துவைக்கலாம். பெரும்பாலான கிராமங்களில் இது இரண்டு நாள் வேலை. நடந்து பார்க்கையில், போக்குக்கால்வாயின் ஒருபுறக் கரையைத் தம் வயலோடு சேர்த்துக்கொண்ட நிலக்காரர்களும் தென்படுவார்கள். பாலக்கண்ணை அகலப்படுத்தக் கோரும் மனுவில் அவர்கள் கையெழுத்தும் இருக்கும். கால்வாயை விட்டுக்கொடுத்தபின் கையெழுத்திடுமாறு ஊராட்சித் தலைவர் கூறுதல் தகும்.

அந்நோட்டின் பிரதி ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடமும், ஒன்று ஊராட்சிச் செயலரிடமும், ஒன்று ஊராட்சி ஒன்றிய இஞ்சினீயரிடமும் இருத்தல் வேண்டும். ஏரி நீர்வளத்துறையைச் சேர்ந்ததாயின் அத்துறையின் உதவி இஞ்சினீயருக்கும் ஒன்று அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஒப்புகை பெற்றுக்கொண்டு, அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைப்பது வழக்கமாகவேண்டும். வெள்ளம் வந்தபின் எடுக்கும் அளவுகளும் அதே நோட்டில், அந்தந்தப் பாலத்திற்கு நேராக எழுதப்படும்.